ஆயாவின் பார்சலும் 192 நாடுகளும்



இந்த முறை சுவர் இதழில் தபாலைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் பக்கத்து பெஞ்ச் நண்பன், "தபாலா? அதெல்லாம் இப்ப யாருடா போடுறாங்க?" என்று சிரித்தான். அவன் சொன்னதிலும் தப்பில்லை. நாம் எல்லோரும் தமிழ்த் தேர்வில் கடிதம் எழுதுகிறோம். அனுப்புநர், பெறுநர், இப்படிக்கு, உறைமேல் முகவரி எல்லாம் போட்டு மார்க் வாங்குகிறோம். ஆனால் உண்மையாகவே ஒரு கடிதத்தைப் பெட்டியில் போட்டவர்கள் எத்தனை பேர் என்று எங்கள் வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். 41 பேரில் 3 பேர்தான் கை தூக்கினார்கள். அதிலும் ஒருவன் போட்டது பரிசுக் கூப்பன்!

நானும் அப்படித்தான் இருந்தேன். 2025 செப்டம்பரில் எங்கள் வீட்டில் நடந்த ஒரு விஷயம்தான் என்னை இதையெல்லாம் தேடிப் படிக்க வைத்தது.

என் அத்தை அமெரிக்காவில் இருக்கிறார். அவருக்கு அக்டோபரில் முதல் குழந்தை பிறக்கப்போகிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆயாவுக்கு முட்டி வலி. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய் வந்தாலே இரண்டு நாள் படுத்துவிடுவார். விமானத்தில் எப்படிப் போவது? அதனால் ஆயா ஒரு காரியம் செய்தார். அத்தைக்குத் தூளி கட்டிய பழைய பருத்திப் புடவை ஒன்றை டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து எடுத்து, துவைத்து, வெயிலில் காயவைத்து, மடித்து வைத்தார். "புதுத்துணி குழந்தை உடம்பை உறுத்தும்டா. பழம் புடவைதான் பஞ்சு மாதிரி இருக்கும். இதை எப்படியாச்சும் அவளுக்கு அனுப்பிடு" என்று அப்பாவிடம் சொன்னார்.

அப்பாவும் நானும் அதை அட்டைப்பெட்டியில் வைத்து டேப் ஒட்டி, தபால் ஆபீசுக்கு எடுத்துப் போனோம். கவுண்டரில் இருந்த அம்மா முகவரியைப் பார்த்தார். பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"அமெரிக்காவுக்கு இப்ப எதையும் எடுக்கிறதில்லை சார். சாதா லெட்டர்கூட எடுக்கக் கூடாதுன்னு ஆர்டர் வந்திருக்கு."

"ஏம்மா? காசு எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை."

"காசு விஷயம் இல்லை சார். இங்க வாங்கி வச்சாலும் ஏத்திக்கிட்டுப் போக பிளேன்காரன் வரமாட்டான். இந்தியா பூராவும் இதே கதைதான்."

வீட்டுக்கு வந்து சொன்னதும் ஆயாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னடா அநியாயம் இது! அந்தக் காலத்துல ரங்கூனுக்கே லெட்டர் போய் வந்துது. இப்ப ஒரு பழம் புடவை போவாதா?" என்றார். பெட்டி பீரோ மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

அப்போதுதான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. பார்சல் ஏன் போகவில்லை என்பது இருக்கட்டும். இத்தனை காலமாக எப்படிப் போனது? நாம் ஸ்டாம்புக்குக் கொடுக்கும் காசு நம் நாட்டுத் தபால் துறைக்குப் போகிறது. அப்புறம் எந்த ஊர் என்றே தெரியாத ஒரு தபால்காரர், பனியிலும் மழையிலும் நம் கடிதத்தை எடுத்துக்கொண்டு போய் ஏன் அத்தை வீட்டுப் பெட்டியில் போட வேண்டும்? அவருக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள்? நீங்கள் யாராவது இதை யோசித்திருக்கிறீர்களா?

எங்கள் தெருவில் ஒரு தாத்தா இருக்கிறார். விழுப்புரத்தில் தபால் பிரிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரிடம் போய்க் கேட்டேன். அவர் உடனே பதில் சொல்லாமல், "தம்பி, விழுப்புரம் ஜங்ஷன்ல எத்தனை பக்கம் தண்டவாளம் போவுது, சொல்லு" என்றார். நான் விரல் விட்டு எண்ணினேன். சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, புதுச்சேரி, திருவண்ணாமலை வழியாகக் காட்பாடி. மொத்தம் 5. "அந்த அஞ்சு பக்கத்து மூட்டையும் அங்கதான் வந்து பிரியும். நாங்க பிரிக்கும்போது இது யாரோட லெட்டர், ஸ்டாம்பு காசு எந்த ஆபீசுக்குப் போச்சுன்னு பார்க்க மாட்டோம். எந்தப் பக்கம் போகணும், அவ்வளவுதான். உலகத்தையே அப்படி ஒரே ஜங்ஷன் மாதிரி ஆக்கிட்டாங்க, 1874-ல" என்றார்.

தாத்தா சொன்னதையும், பிறகு நூலகத்திலும் கணினி அறையிலும் நான் தேடிப் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

1874-க்கு முன்னால் வெளிநாட்டுக்குக் கடிதம் போடுவது பெரிய தலைவலி. ஒவ்வொரு நாடும் மற்ற ஒவ்வொரு நாட்டோடும் தனித்தனியாக ஒப்பந்தம் போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு நாட்டில் எடை அவுன்சில், இன்னொரு நாட்டில் கிராமில். ஒரே ஊருக்கு ஒரு கப்பல் வழியாகப் போனால் ஒரு விலை, வேறு வழியாகப் போனால் வேறு விலை. நடுவில் மூன்று நாடுகளைத் தாண்டினால் மூன்று பேருக்கும் பங்கு பிரிக்க வேண்டும். தபால் ஆபீஸ் குமாஸ்தாக்கள் கடிதத்தைப் பிரித்த நேரத்தைவிடக் கணக்குப் பார்த்த நேரம்தான் அதிகமாக இருந்திருக்கும்!

இதைச் சரிசெய்ய 1863-இல் அமெரிக்காவின் தபால் துறைத் தலைவர் மாண்ட்கோமரி பிளேர் என்பவர் யோசனை சொல்லி, பாரிசில் 15 நாடுகள் கூடிப் பேசின. பேச்சோடு நின்றுவிட்டது. (எந்த நாடு இந்த யோசனையைத் தொடங்கியது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.) அதன்பிறகு ஜெர்மனியின் தபால் அதிகாரி ஹைன்ரிச் ஃபான் ஸ்டெஃபான் விடாமல் முயன்றார். நடுவில் 1870-இல் பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் போர் வந்து வேலை தள்ளிப்போனது. கடைசியில் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்தில் 22 நாடுகள் கூடி, 1874 அக்டோபர் 9-ஆம் தேதி ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. அதுதான் இன்றைய அனைத்துலக அஞ்சல் ஒன்றியம். சுருக்கமாக யூ.பி.யூ. அந்த அக்டோபர் 9-ஐத்தான் உலக அஞ்சல் தினமாகக் கொண்டாடுகிறோம். அப்படிக் கொண்டாட வேண்டும் என்று 1969-இல் டோக்கியோ மாநாட்டில் முன்மொழிந்தவர் ஓர் இந்தியர், ஆனந்த் மோகன் நருலா. இது நிறையப் பேருக்குத் தெரியாது.

அந்த ஒப்பந்தத்தின் கருத்து ரொம்ப எளிமையானது. தபாலைப் பொறுத்தவரை சேர்ந்த நாடுகள் எல்லாம் ஒரே பிரதேசம். கடிதத்துக்கு எல்லா இடத்துக்கும் ஏறக்குறைய ஒரே கட்டணம். 15 கிராமுக்கு 25 சென்டிம், அதாவது கால் பிராங்க். வெளிநாட்டுக் கடிதத்தை உள்நாட்டுக் கடிதம் போலவே கவனிக்க வேண்டும். நடுவில் இருக்கும் நாடு "என் ஊர் வழியாகப் போகாதே" என்று தடுக்கக் கூடாது; தன் வழியாகக் கொண்டுபோவதற்கு ஒரு கூலி மட்டும் வாங்கிக்கொள்ளலாம். ஸ்டாம்பு விற்ற காசை விற்ற நாடே வைத்துக்கொள்ளும்.

இந்தக் கடைசி விதிதான் எனக்கு முதலில் புரியவில்லை. பட்டுவாடா செய்கிற நாட்டுக்கு ஒன்றுமே இல்லையா? தாத்தா ஒரு கேள்வி கேட்டார். "உங்க வூட்டுக் கல்யாணத்துல ஒருத்தர் மொய் வெச்சா நீ என்ன பண்ணுவ?" "அவங்க வீட்டு விசேஷத்துக்கு நாமளும் வெப்போம்." "அதேதான். ஒரு லெட்டர் போனா ஒரு பதில் லெட்டர் வரும். உன் லெட்டரை நான் கொண்டுபோய்க் குடுக்கிறேன், என் லெட்டரை நீ கொண்டுபோய்க் குடு. கடைசியில சரியாப் போயிடும்னு நெனைச்சாங்க. மொய் நோட்டே போடலை."

இப்போது நம் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். இதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. இந்தியா இந்த ஒன்றியத்தில் சேர்ந்த நாள் 1876 ஜூலை 1. அப்போது நாம் ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தோம். அதே 1876 ஜூலை 1-ஆம் தேதிதான் பிரான்சின் காலனி நாடுகளும் சேர்ந்தன. பிரான்சின் காலனி என்றால் நமக்குப் பக்கத்தில் எது? புதுச்சேரி! திண்டிவனத்திலிருந்து 40 கிலோமீட்டர்கூட இல்லை. இந்தப் பக்கம் ஆங்கிலேயர், அந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரர். இரண்டு பேரும் பல சண்டை போட்டவர்கள். (நம் செஞ்சிக் கோட்டையையே இரண்டு பேரும் மாறி மாறிப் பிடித்திருக்கிறார்கள்.) ஆனால் தபால் என்று வந்தபோது இரண்டு பேரும் ஒரே நாளில் ஒரே ஒன்றியத்துக்குள் வந்துவிட்டார்கள்.

புதுச்சேரிக்கு 1892 முதல் தனி ஸ்டாம்பே இருந்தது. பிறகு அதன் விலையைக் காசு, பணம் என்று அந்த ஊர்க் கணக்கில் போட்டார்கள். 1949-இல் அஞ்சல் ஒன்றியத்துக்கு 75 வயது ஆனபோது, சுதந்திர இந்தியாவும் ஸ்டாம்பு வெளியிட்டது. இன்னும் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்காகவும் தனியாக ஒரு ஸ்டாம்பு வந்தது. 1954 நவம்பர் 1-இல் புதுச்சேரி நம்மோடு வந்த பிறகு அந்த ஸ்டாம்புகள் எல்லாம் சேகரிப்பவர்களின் ஆல்பத்துக்குப் போய்விட்டன.

இன்னொன்றையும் கவனியுங்கள். பின்கோடு 1972 ஆகஸ்ட் 15-இல் வந்தது. திண்டிவனம் 604001. விழுப்புரம் 605602. புதுச்சேரி? 605001. அதாவது விழுப்புரமும் புதுச்சேரியும் ஒரே 605! வேறு மாநிலமாக இருக்கும் விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் முதல் மூன்று எண் ஒன்று. ஒரே மாவட்டத்தில் இருக்கும் விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் வேறு. தபால்காரருக்கு எல்லைக்கோடு முக்கியமில்லை, மூட்டை போகும் வழிதான் முக்கியம் என்பது இதிலேயே தெரிகிறது.

பிரெஞ்சு இன்னொரு வழியிலும் நம் தபாலில் இருக்கிறது. விமானத் தபால் கவரில் நீல நிறத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்குமே, அதில் ஆங்கிலத்தோடு "பார் அவியோன்" என்றும் இருக்கும். அது பிரெஞ்சு. "விமானம் மூலம்" என்று அர்த்தம். அஞ்சல் ஒன்றியத்தின் அதிகாரப்பூர்வ மொழி தொடக்கத்திலிருந்தே பிரெஞ்சுதான். ஆங்கிலம் வேலை மொழியாகச் சேர்ந்ததே 1994-இல்தான்.

நம் ஊர் வழியாக வெளிநாட்டுத் தபால் ரயிலிலேயே போயிருக்கிறது. சென்னை எழும்பூரிலிருந்து இராமேஸ்வரம் போகும் ரயிலைப் பெரியவர்கள் "போட் மெயில்" என்று சொல்வார்கள். ரயிலுக்கு எதற்குப் போட், அதாவது படகு, என்று பெயர்? 1914-இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு ரயில் தனுஷ்கோடி வரை போனது. அங்கே பயணிகளையும் தபால் மூட்டைகளையும் கப்பலில் ஏற்றித் தலைமன்னாருக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து கொழும்புக்கு மறுபடி ரயில். திண்டிவனம், விழுப்புரம் வழியாகத்தான் அந்த ரயில் போனது. இலங்கையில் வேலை பார்த்தவர்களுக்கு இங்கிருந்து எழுதிய எத்தனை கடிதங்கள் அதில் போயிருக்கும்! 1964 டிசம்பரில் வந்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. ரயிலுக்குப் பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. அந்தக் காலத்தில் ஆர்.எம்.எஸ். பெட்டியில் ஓடும் ரயிலுக்குள் நின்றுகொண்டே தபால் பிரிப்பார்களாம். "ஆடுற ஆட்டத்துல லெட்டரைப் புறாக்கூட்டுல போடணும். கை தப்பினா மதுரை லெட்டர் மாயவரம் போயிடும்" என்றார் தாத்தா. (புறாக்கூடு என்பது கடிதம் பிரிக்கும் அறைகள் உள்ள மர அலமாரி.)

சரி, மொய் நோட்டு கதைக்குத் திரும்புவோம். கடிதத்துக்குக் கடிதம் சரியாகப் போய்விடும் என்ற கணக்கு ரொம்ப நாள் நிற்கவில்லை. சில நாடுகள் புத்தகங்களும் பத்திரிகைகளும் ஏராளமாக அனுப்பின. பதிலுக்கு அவ்வளவு வரவில்லை. வாங்கிப் பட்டுவாடா செய்யும் நாடுகள், "எங்களுக்கு நஷ்டம்" என்றன. அதனால் அதே 1969 டோக்கியோ மாநாட்டில், வந்த தபாலுக்கும் போன தபாலுக்கும் உள்ள வித்தியாசத்தை எடை போட்டுப் பணம் கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். முதலில் கிலோவுக்கு அரை தங்க பிராங்க். ஆங்கிலத்தில் இதற்கு "டெர்மினல் டியூஸ்" என்று பெயர். நாம் "பட்டுவாடாக் கூலி" என்று வைத்துக்கொள்ளலாம். ஆக, அத்தை ஊர்த் தபால்காரருக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள் என்ற என் கேள்விக்கு இதுதான் பதில். அவருடைய தபால் துறைதான் கொடுக்கிறது. ஆனால் நம் தபால் துறை பின்னால் கணக்குப் பார்த்து அவர்களுக்கு ஒரு தொகை கொடுக்கிறது. நாம் கவுண்டரில் ஒரே ஒரு தடவை காசு கொடுத்தால் போதும்.

இந்தக் கூலி எல்லா நாட்டுக்கும் ஒன்றல்ல. வளரும் நாடுகளுக்குக் குறைவாக வைத்தார்கள். சீனாவும் அந்தப் பட்டியலில் இருந்தது. இணையக் கடைகள் வந்த பிறகு சீனாவிலிருந்து குட்டிக் குட்டிப் பொட்டலங்கள் மலையாகக் குவிந்தன. "எங்கள் நாட்டுக்குள்ளேயே ஒரு பொட்டலம் அனுப்புவதைவிட, சீனாவிலிருந்து அனுப்புவது மலிவாக இருக்கிறதே" என்று அமெரிக்கா புகார் செய்தது. ஒன்றியத்தை விட்டே வெளியேறப் போகிறேன் என்று 2018-இல் நோட்டீஸ் கொடுத்தது. 1863-இல் யோசனை சொன்ன அதே நாடுதான்! 2019 செப்டம்பரில் ஜெனீவாவில் அவசர மாநாடு கூட்டி, இந்தக் கூலியை நாடுகள் படிப்படியாகத் தாங்களே நிர்ணயித்துக்கொள்ள வழிசெய்து சமாதானம் பண்ணினார்கள். அமெரிக்கா வெளியேறவில்லை. இந்த விஷயத்தில் அமெரிக்கா கேட்டதில் கொஞ்சம் நியாயம் இருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. தாத்தா ஒத்துக்கொள்ளவில்லை. நாங்கள் இரண்டு பேரும் அரைமணி நேரம் வாதாடினோம்.

<b>பெட்டிச் செய்தி: கணக்குப் பிரியர்களுக்கு</b>

வெளிநாட்டுப் பார்சலில் ஒட்டும் கோட்டுக் குறியீட்டின் கீழே 2 ஆங்கில எழுத்து, 9 எண், மறுபடி 2 எழுத்து இருக்கும். இது உலகம் முழுவதும் ஒரே முறை. முதல் எழுத்து என்ன வகைத் தபால் என்று சொல்லும் (பார்சலுக்கு "சி", பதிவுத் தபாலுக்கு "ஆர்"). கடைசி 2 எழுத்து எந்த நாடு என்று சொல்லும் (நமக்கு "ஐ.என்."). 9 எண்ணில் கடைசி எண் ஒரு காவல்காரன். முதல் 8 எண்களை வரிசையாக 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்ட வேண்டும். 11-ஆல் வகுத்து, மீதியை 11-இலிருந்து கழித்தால் வருவதுதான் 9-ஆவது எண். (10 வந்தால் 0 என்றும், 11 வந்தால் 5 என்றும் போட வேண்டும்.) ஓர் எடுத்துக்காட்டு: 20307145. பெருக்கிக் கூட்டினால் 16 + 0 + 12 + 0 + 21 + 5 + 36 + 35 = 125. 11-ஆல் வகுத்தால் மீதி 4. 11 − 4 = 7. ஆகவே எண் 203071457. யாராவது ஓர் எண்ணைத் தப்பாக அடித்தால் கணினி உடனே கண்டுபிடித்துவிடும். வீட்டில் பழைய பார்சல் உறை இருந்தால் போட்டுப் பாருங்கள்.

ஒரு பார்சல் போகும் வழியையும் சொல்லிவிடுகிறேன். கவுண்டரில் உள்ளே என்ன பொருள், எடை எவ்வளவு, மதிப்பு எவ்வளவு என்று ஒரு படிவத்தில் எழுத வேண்டும். சின்னப் பொட்டலத்துக்கு அதன் பெயர் சி.என்.22. ஜப்பானில் போட்டாலும் பிரேசிலில் போட்டாலும் அதே படிவம்தான். அந்த விவரத்தைக் கணினியிலும் ஏற்றுவார்கள். 2021 ஜனவரி முதல் பொருள் உள்ள எல்லாத் தபாலுக்கும் இது கட்டாயம். மூட்டை போய்ச் சேருவதற்கு முன்பே விவரம் அந்த நாட்டுக்குப் போய்விட வேண்டும். பிறகு பார்சல் சென்னை வெளிநாட்டு அஞ்சல் அலுவலகத்துக்குப் போகும். அங்கே சுங்க அதிகாரிகள் பார்ப்பார்கள். அப்புறம் விமானம். அந்தப் பக்கம் அந்த நாட்டுச் சுங்கம், அந்த நாட்டுத் தபால்காரர்.

இதில் விமானம் என்ற இடத்தில்தான் ஆயாவின் புடவை மாட்டிக்கொண்டது. அதுவரை 800 டாலர் வரை மதிப்புள்ள பொருளை அமெரிக்கா வரியில்லாமல் உள்ளே விட்டது. 2025 ஆகஸ்ட் 29 முதல் அந்தச் சலுகை கிடையாது என்று அறிவித்துவிட்டார்கள். வரியைப் பொருள் போவதற்கு முன்பே வசூலித்துக் கட்ட வேண்டும். யார் வசூலிப்பது, எப்படிக் கட்டுவது என்பது தெளிவாகவில்லை. விமானக் கம்பெனிகள் "வம்பு எதற்கு" என்று தபால் மூட்டைகளை ஏற்ற மறுத்தன. இந்தியத் தபால் துறை ஆகஸ்ட் 25 முதல் பொருள்களை எடுப்பதை நிறுத்தியது. கடிதங்களையும், 100 டாலருக்குள் இருக்கும் அன்பளிப்புகளையும் மட்டும் எடுத்தது. அன்று நாங்கள் போயிருந்தால் புடவை ஒருவேளை போயிருக்கும்! மாதக் கடைசியில் அதையும் நிறுத்திவிட்டார்கள். நம் நாடு மட்டும் அல்ல. 88 தபால் துறைகள் சேவையை முழுசாகவோ கொஞ்சமாகவோ நிறுத்தின. ஒரே வாரத்தில் அமெரிக்காவுக்குப் போகும் தபால் 81 சதவீதம் குறைந்துவிட்டது என்று அஞ்சல் ஒன்றியமே சொன்னது.

தபால் நிற்பது இதற்கு முன்பும் நடந்திருக்கிறது. 2020-இல் கொரோனாவால் விமானம் இல்லாமல் நின்றது. 2019 ஆகஸ்டில் பாகிஸ்தான் நம் தபாலை நிறுத்திச் சில மாதம் கழித்துக் கடிதங்களை மட்டும் விட்டது. 2025 மே மாதம் அங்கிருந்து வரும் தபாலை நம் நாடு நிறுத்தியது. அப்போதெல்லாம் செய்தியில் படித்துவிட்டுப் போய்விட்டேன். நம் வீட்டுப் பெட்டி திரும்பி வந்தபோதுதான் உறைத்தது.

அப்பா தனியார் கூரியரில் விசாரித்தார். அவர்கள் சொன்ன விலையைக் கேட்டு ஆயாவே, "அந்தக் காசுக்கு அஞ்சு புதுப்புடவை எடுக்கலாம், வேணாம் விடு" என்றார். சொன்னாரே தவிர, தினமும் காலையில் "தபால் ஆபீஸ் தொறந்துட்டானா?" என்று கேட்பார். தபால் ஆபீஸ் திறந்துதான் இருக்கிறது, அமெரிக்காதான் மூடியிருக்கிறது என்று நான் சொன்னால் கோபம் வரும். அக்டோபர் 9 உலக அஞ்சல் தினத்தன்று நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தபோதும் பெட்டி பீரோ மேல்தான் இருந்தது. அதற்குள் குழந்தையும் பிறந்துவிட்டது. பெண் குழந்தை.

வரியை இங்கேயே கவுண்டரில் கட்டி, அதை அமெரிக்கச் சுங்கத்துக்கு அனுப்பும் ஒரு முறையைக் கொண்டுவந்து, அக்டோபர் 15-இல் இந்தியத் தபால் துறை மறுபடி சேவையைத் தொடங்கியது. தீபாவளிக்கு முன்னால், 17-ஆம் தேதி அப்பா போய்ப் பார்சலைப் போட்டுவிட்டு வந்தார். படிவத்தில் பொருள் என்ற இடத்தில் "பழைய புடவை ஒன்று" என்று எழுதினாராம். மதிப்பு என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கொஞ்ச நேரம் யோசித்தாராம். கவுண்டர் அம்மாதான் "ஏதாச்சும் ஒரு தொகை போடுங்க சார்" என்றாராம். நான் அந்த எண்ணை வைத்துத் தினமும் பார்த்தேன். (9-ஆவது எண்ணையும் பெருக்கிப் பார்த்தேன், சரியாக இருந்தது.) சென்னையில் நாலு நாள் நின்றது. நவம்பரில் போய்ச் சேர்ந்தது. அத்தை அங்கே கூரையில் கொக்கி இல்லாததால் ஓர் இரும்புச் சட்டம் வாங்கி, அதில் தூளி கட்டி, வீடியோவில் காட்டினார். ஆயா போனைக் கையில் வாங்கி, "முடிச்சை இன்னும் இறுக்கிப் போடு" என்று மட்டும் சொன்னார்.

வெளிநாட்டுக்கு எழுத நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். முகவரியில் கடைசி வரியாக நாட்டின் பெயரை ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் எழுதுங்கள். நம் ஊரில் பிரிப்பவர் அதைத்தான் பார்ப்பார். எந்த நாட்டு ஸ்டாம்பாக இருந்தாலும் நாட்டின் பெயர் ஆங்கில எழுத்தில் இருக்க வேண்டும் என்பதும் ஒன்றியத்தின் விதி. இங்கிலாந்துக்கு மட்டும் விலக்கு. 1840-இல் முதல் ஸ்டாம்பு போட்டவர்கள் என்பதால் ராணி, ராஜா தலை இருந்தால் போதும்! பார்வையற்றவர்களுக்கான பிரெய்ல் புத்தகங்களுக்கும், போர்க் கைதிகளின் கடிதங்களுக்கும் சாதாரணத் தபால் கட்டணம் கிடையாது. 9 வயது முதல் 15 வயது வரை உள்ளவர்களுக்கு இந்த ஒன்றியம் 1971 முதல் ஒவ்வோர் ஆண்டும் உலகக் கடிதப் போட்டி நடத்துகிறது. நம் தபால் துறை வழியாகத்தான் கலந்துகொள்ள வேண்டும். எனக்கு இதுதான் கடைசி வருடம். 8, 9-ஆம் வகுப்புத் தம்பி தங்கைகள் தமிழ் ஐயாவிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

அத்தை ஆயாவுக்கு ஒரு கடிதம் போட்டிருந்தார். உள்ளே குழந்தையின் பாதத்தை மையில் தோய்த்து ஒற்றிய ஒரு தாள். அதை ஆயா யாரிடமும் தருவதாக இல்லை. கவரை மட்டும் கெஞ்சி வாங்கி இந்தத் தாளின் கீழே ஒட்டியிருக்கிறேன். ஸ்டாம்பு வட்டமாக இருப்பதைப் பாருங்கள். அதில் விலையே போட்டிருக்காது. அந்த ஒரு ஸ்டாம்பை ஒட்டினால், ஓர் அவுன்சுக்குள் இருக்கும் கடிதம் உலகத்தில் எந்த நாட்டுக்கும் போகும். பக்கத்து நாடாக இருந்தாலும் சரி, திண்டிவனமாக இருந்தாலும் சரி. ஆயாவின் பெயரையும் தெருவையும் அத்தை தமிழிலேயே எழுதியிருக்கிறார். ஊரும் நாடும் மட்டும் ஆங்கிலத்தில். அங்கே யாருக்கும் தமிழ் தெரிந்திருக்காது. கடைசி வரியைப் பார்த்து அனுப்பிவிட்டார்கள், மீதியை நம் ஊர்த் தபால்காரர் படித்துக்கொண்டார்.

ஸ்டாம்பை யாரும் பிய்க்க வேண்டாம். போன இதழில் ஒட்டிய மயிலிறகு மூன்றாம் நாளே காணாமல் போனது. இந்தக் கவரை இதழ் மாற்றும் அன்று ஆயாவிடம் திருப்பித் தர வேண்டும்.